ஆட்டக் களத்துப் பேராசிரியர்

விளையாட்டுப் பயிற்சியாளரை ஆசிரியராக எண்ணும் வழக்கம் நம்மிடையே இல்லை. வகுப்பறையில் நின்று பாடம் சொல்பவர் ஆசிரியர். மைதானத்தில் நின்று ஊதல் ஊதுபவர் வேறு இனத்தவர் என்றே கருதிப் பழகிவிட்டோம். மாலை வேளையில் மாணவர் ஓடியாடுவது நல்லதுதான். அதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த ஓட்டமும் ஆட்டமும் ஒரு பல்கலைக் கழகத்தின் கல்விப் பணியில் சேருமா என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். தேர்வு நெருங்க நெருங்க அந்தத் தயக்கம் இன்னும் மிகும்.

இந்தக் கேள்விக்குச் சேரும் என்று விடை சொல்லி, அந்த விடையையே தம் வாழ்க்கையாகக் கொண்டு 102 ஆண்டு வாழ்ந்தவர் ஒருவர் அமெரிக்க நாட்டில் இருந்தார். அவர் பெயர் அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக். ஒரு பெரிய பல்கலைக் கழகம் அவருடைய விடையை ஏற்று, அவரைப் பேராசிரியர் வரிசையில் அமர்த்தியது. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே பல்கலைக் கழகம் அந்த விடையை மறுத்து அவரை வழியனுப்பியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கதை, படிப்பும் ஆட்டமும் கலந்து வாழும் மாணவராகிய நாம் அறியத் தக்கது.

கதைக்குள் புகுமுன் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. அதில் காலுக்கு வேலை குறைவு. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை எதிரணியினர் மறித்து வீழ்த்துவதுமே அதன் உயிர். ஆங்கிலேயரின் ரக்பி ஆட்டத்திலிருந்து கிளைத்தது அது. அணிக்குப் பதினொருவர். பந்தை உடைய அணி, குறிப்பிட்ட முயற்சிகளுக்குள் குறிப்பிட்ட தூரம் முன்னேற வேண்டும்; தவறினால் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். ஸ்டாக்கின் இளமையில் மூன்று முயற்சிகளில் ஐந்து கஜம் என்பது விதி. 1912 முதல் நான்கு முயற்சிகளில் பத்துக் கஜம் என்றாயிற்று. சடுகுடு ஆடிப் பழகியவர்க்கு இந்த மறித்தலும் வீழ்த்தலும் எளிதில் விளங்கும். இன்னொன்றும் நினைவிற் கொள்ள வேண்டும். இந்த ஆட்டம் வளர்ந்தது கல்லூரிகளில். தொழில்முறை அணிகளின் பெருஞ்சங்கம் தோன்றியது 1920-இல்தான். அதற்கு வெகு காலம் முன்பே கல்லூரி ஆட்டங்களைக் காண ஆயிரக் கணக்கானோர் கூடினர்.

ஏழை வீட்டுப் பிள்ளை

ஸ்டாக் 1862 ஆகஸ்டு 16-ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்து வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. பையன் கிடைத்த கூலி வேலைகளைச் செய்துகொண்டே படித்தான். கல்லூரிக்கு ஆயத்தம் செய்யும் எக்ஸிட்டர் பள்ளியில் சேர்ந்தபோது நாளொன்றுக்குச் சில காசுகளில் வயிற்றைக் கழுவ வேண்டியிருந்தது. அந்த வறுமையோடுதான் 1884-இல் யேல் பல்கலைக் கழகத்தில் நுழைந்தார்.

சமயத் தொண்டராக வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஆனால் யேல் அவரை முதலில் அறிந்துகொண்டது பேஸ்பால் ஆட்டக்காரராக. பந்தெறிவதில் அவர் காட்டிய திறமையால் யேல் அணி ஆண்டுதோறும் வெற்றி கண்டது. தொழில்முறை அணிகள் பணத்தைக் காட்டி அழைத்தன. நியூயார்க் அணி பெருந்தொகை தர முன்வந்தது. சோற்றுக்கே கணக்குப் பார்த்த மாணவர் அதை மறுத்துவிட்டார். அந்நாளில் தொழில்முறை ஆட்டக் களங்களை ஒட்டி மதுக்கடைகள் இருந்தன, சூதாடிகள் சூழ்ந்திருந்தனர். அந்தச் சூழலில் தம் திறமையை விற்க அவருக்கு மனமில்லை. மது, புகை, வசைச்சொல் மூன்றையும் வாழ்நாள் முழுவதும் நெருங்காதவர் அவர்.

1888-இல் பட்டம் பெற்றபின் அங்கேயே சமய நூல்கள் பயிலத் தொடங்கினார். அப்போது கால்பந்து அணியிலும் ஆடினார். அமெரிக்கக் கால்பந்தின் தந்தை எனப் போற்றப்படும் வால்டர் கேம்ப் அந்த அணியைப் பயிற்றினார். 1888-இல் யேல் ஆடிய பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்றது. அது எடுத்த புள்ளிகள் 698. எதிரிகள் அனைவரும் சேர்ந்து எடுத்தது ஒன்றுமில்லை. மறு ஆண்டு, நாடு முழுவதிலுமிருந்து சிறந்த பதினொருவரைப் பொறுக்கி ஒரு கற்பனை அணியை முதன்முதலாக வெளியிட்டபோது அதில் ஸ்டாக்கின் பெயரும் இருந்தது.

ஆட்டத்தில் இவ்வளவு புகழ் பெற்றவர்க்கு மேடைப் பேச்சு மட்டும் வரவில்லை. சமயத் தொண்டர்க்குப் பேச்சே கருவி. தமக்கு அந்தக் கருவி வாய்க்கவில்லை என்று உணர்ந்தபோது அவர் வேறு வழி தேடினார். இளைஞரின் உள்ளத்தை அடையச் சொற்பொழிவு ஒன்றுதானா வழி? அவர்கள் விரும்பிக் கூடும் மைதானத்திலேயே அவர்களைச் சந்திக்கலாமே என்று எண்ணினார். அந்த முடிவுக்குப் பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கூடைப் பந்து பிறந்த இடத்தில்

1890-இல் ஸ்டாக் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். அங்கே மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்து ஒரு கால்பந்து அணியை உருவாக்கினார். அந்த அணியில் ஆடியவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில் கூடைப் பந்து ஆட்டத்தைக் கண்டுபிடித்த அதே நெய்ஸ்மித்தான். 1892 மார்ச்சு 11-ஆம் நாள் அந்தப் புதிய ஆட்டம் முதன்முறையாகப் பொதுமக்கள்முன் ஆடப்பட்டது. ஆசிரியர் ஒரு பக்கம், மாணவர் ஒரு பக்கம். மாணவர் 5, ஆசிரியர் 1 என்று முடிந்தது. ஆசிரியர் அணியின் அந்த ஒரே பந்தைக் கூடையில் இட்டவர் ஸ்டாக்.

இந்தப் பள்ளிக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் இங்கே பயின்றவர்தான். நம் ஊர்ப் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர் என்றொரு பதவி வேரூன்றியதற்கு அந்தக் கல்லூரி பெருங்காரணம். விளையாட்டும் கல்வியே என்ற எண்ணம் சென்னைக்கு ஒரு வழியாகவும் சிகாகோவுக்கு மற்றொரு வழியாகவும் ஒரே இடத்திலிருந்து சென்றிருக்கிறது.

சிகாகோவின் அழைப்பு

யேலில் ஸ்டாக்குக்கு விவிலியமும் எபிரேய மொழியும் கற்பித்தவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பர். ராக்ஃபெல்லரின் பெருங்கொடையால் சிகாகோவில் ஒரு புதிய பல்கலைக் கழகம் எழுந்தபோது ஹார்ப்பர் அதன் முதல் தலைவரானார். நாட்டின் சிறந்த அறிஞர்களைத் திரட்டத் தொடங்கிய அவர், தம் பழைய மாணவரையும் மறக்கவில்லை. 1,500 டாலர் சம்பளம் என்று தொடங்கினார்; பிறகு 2,000 என்றார். ஸ்டாக் வாய் திறக்கவில்லை. 2,500 டாலர் சம்பளமும் இணைப் பேராசிரியர் பதவியும் தருவதாக ஹார்ப்பர் கூறினார். ஸ்டாக் உடன்பட்டார்.

சம்பளத்தைவிடப் பதவியே இதில் பெரிது. அந்நாளில் கல்லூரி அணிகளைப் பழைய மாணவர் எவரேனும் சில வாரம் வந்து பழக்கிவிட்டுப் போவது வழக்கம். ஆட்டப் பருவம் முடிந்தால் அவருக்கும் கல்லூரிக்கும் தொடர்பு அற்றுவிடும். ஸ்டாக்கோ உடற்பயிற்சித் துறையின் தலைவர்; மற்றப் பேராசிரியரைப் போலவே நிலையான பதவி உடையவர். ஆட்டத்தில் தோற்றாலும் வேலை போகாது. வெற்றிக்காக எதையும் செய்யத் துணியும் நெருக்கடி பயிற்சியாளர்க்கு வராமல் காக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் இத்தகைய நியமனம் இதுவே முதலாவது.

1892 அக்டோபர் முதல் நாள் பல்கலைக் கழகம் ஏறக்குறைய 600 மாணவரோடு தொடங்கியது. அன்றைக்கே ஸ்டாக் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். ஆள் போதவில்லை. முப்பது வயதான பேராசிரியர் தாமே சட்டையை மாட்டிக்கொண்டு அணியில் ஒருவராக ஆடினார். முதலில் உயர்நிலைப் பள்ளி அணிகளோடு மோதிப் பழகினர். மைதானத்துக்கு வணிகப் பெருஞ்செல்வர் மார்ஷல் ஃபீல்டு நிலம் உதவினார். அதைச் சுற்றி வேலியடைக்க ஸ்டாக்கும் மாணவரும் தோள் கொடுத்தனர். 1894-இல் சிகாகோ அணி கண்டத்தைக் கடந்து கலிபோர்னியா சென்று, கிறிஸ்துமஸ் நாளன்று ஸ்டான்ஃபோர்டு அணியை 24-4 என்று வென்றது. தோற்ற அணியைப் பயிற்றியவர் ஸ்டாக்கின் ஆசான் வால்டர் கேம்ப்.

அதே 1894-இல் ஸ்டாக் தம் பல்கலைக் கழக மாணவியருள் ஒருவரான ஸ்டெல்லா ராபர்ட்சனை மணந்தார். எதிரணிகளின் ஆட்டத்தைக் கண்டு குறிப்பெடுத்து வருவதிலும், ஆட்டம் நடக்கும்போது ஒவ்வொரு நகர்வையும் தாளில் வரைவதிலும் அந்த அம்மையார் கணவருக்கு நிகராகத் தேர்ந்தார். எழுபது ஆண்டுகள் நீடித்தது அந்த இல்வாழ்க்கை.

இரண்டே புள்ளிகள்

அருகிலுள்ள பல்கலைக் கழகங்கள் 1896-இல் ஒன்றுகூடி மேற்கத்தியச் சங்கம் ஒன்றை அமைத்தன. பின்னாளில் பெரும் பத்து என்று பெயர் பெற்ற சங்கம் அதுதான். சிகாகோ அதன் நிறுவன உறுப்பு. ஸ்டாக்கின் காலத்தில் சிகாகோ ஏழுமுறை அந்தச் சங்கத்தின் வெற்றிப் பட்டத்தைப் பெற்றது: 1899, 1905, 1907, 1908, 1913, 1922, 1924. 1896-இல் அவருடைய கூடைப் பந்து அணி அயோவா சென்று, ஐவருக்கு ஐவராகக் கல்லூரிகள் மோதிய முதல் ஆட்டத்தை 15-12 என்று வென்றதும் சொல்லத் தக்கது.

இவற்றுள் 1905-ஆம் ஆண்டு வெற்றியே சிகாகோ நகரம் மறவாதது. 1901 முதல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தை எந்த அணியாலும் வெல்ல முடியவில்லை. ஐம்பத்தாறு ஆட்டங்களாக அது தோல்வி காணவில்லை. அந்த 1905-ஆம் ஆண்டில் மட்டும் 495 புள்ளிகள் எடுத்திருந்தது. ஒரு புள்ளியும் விட்டுக் கொடுக்கவில்லை. ஸ்டாக்கின் அணியும் 1901 முதல் 1904 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து மிச்சிகனிடம் தோற்றிருந்தது. நவம்பர் 30-ஆம் நாள், கடுங்குளிரில், ஏறக்குறைய 27,000 பேர் முன்னிலையில் இரண்டும் சந்தித்தன.

நெடுநேரம் எவருக்கும் புள்ளி இல்லை. இறுதிப் பகுதியில் சிகாகோவின் வால்டர் எக்கர்ஸால் பந்தை வெகு தூரம் உதைத்தனுப்பினார். தம் இலக்குக் கோட்டுக்குப் பின்னே அதைப் பற்றிய மிச்சிகன் வீரர் முன்னோக்கி ஓட முயன்றார். சிகாகோ வீரர் அவரைக் கோட்டுக்கு அப்பால் தள்ளி வீழ்த்தினர். விதிப்படி அதற்கு இரண்டு புள்ளிகள். ஆட்டம் 2-0 என்று முடிந்தது. ஹார்ப்பர் அப்போது தீரா நோயில் படுக்கையில் இருந்தார். ஆறு வாரங்களில் மறைந்தார். தம் மாணவர் ஈட்டிய பெருவெற்றியை அறிந்த பின்னரே அவர் கண் மூடினார்.

உயிர் வாங்கிய ஆட்டம்

அதே ஆண்டில் அந்த ஆட்டம் அழிந்துபோகும் நிலைக்கும் வந்தது. அக்காலத்து ஆட்டம் முரட்டுத்தனமானது. வீரர்கள் ஒருவர் மற்றவரைப் பற்றிக்கொண்டு ஆப்பு வடிவில் திரண்டு எதிரணியின்மேல் பாய்வர். தலைக் காப்பு அணிவோர் சிலரே. 1905-இல் மட்டும் நாடு முழுவதும் ஏறக்குறைய 20 இளைஞர் இந்த ஆட்டத்தில் உயிர் இழந்தனர். குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளின் ஆட்டத் தலைவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து எச்சரித்தார். கொலம்பியா பல்கலைக் கழகம் ஆட்டத்தையே நிறுத்தியது. கலிபோர்னியாவும் ஸ்டான்ஃபோர்டும் ரக்பிக்கு மாறின.

ஸ்டாக் 1904 முதல் ஆட்ட விதிக் குழுவில் இருந்தார். 1906-இல் அந்தக் குழு விதிகளைத் திருத்தியது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்று முதன்முறையாக அனுமதித்தது அப்போதுதான். முன்னேற வேண்டிய தூரமும் பத்துக் கஜமாயிற்று. இதனால் ஒரே இடத்தில் குவிந்து மோதிக்கொண்டிருந்த வீரர்கள் களம் முழுவதும் பரந்து ஆட வேண்டியதாயிற்று. உடல் வலிமை மட்டும் போதாது, மதியும் வேண்டும் என்றாயிற்று. ஸ்டாக்குக்கு இது கரும்பு தின்னக் கூலி கிடைத்தது போல. பந்தெறியும் முறைகள் பலவற்றை அவர் உடனே வகுத்தார். மோதிப் பழகுவதற்குத் துணிப்பொதியைக் கட்டித் தொங்க விடுவது, பந்து நகருமுன் ஒரு வீரர் பக்கவாட்டில் ஓடி எதிரியை மயக்குவது, சட்டையில் எண் பொறிப்பது என்று அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் புதுமைகள் பல.

அந்த ஆண்டு மேற்கத்தியச் சங்கப் பல்கலைக் கழகங்களும் கூடிச் சில கட்டுப்பாடுகளை விதித்தன. ஆண்டுக்கு ஐந்தே ஆட்டங்கள். முதலாண்டு மாணவர் ஆடக் கூடாது. பயிற்சியாளரைப் பல்கலைக் கழகமே மற்ற ஆசிரியரைப் போல முறைப்படி, மிதமான சம்பளத்தில் நியமிக்க வேண்டும். இந்த இறுதி விதியைக் கண்டு சில பல்கலைக் கழகங்கள் முணுமுணுத்தன. கட்டுப்பாடுகள் பிடிக்காமல் மிச்சிகன் 1908-இல் சங்கத்தை விட்டே விலகி, ஒன்பது ஆண்டு கழித்துத்தான் திரும்பியது. சிகாகோ மட்டும் இதற்காக மாற வேண்டிய தேவை இருக்கவில்லை. ஹார்ப்பர் 1892-இலேயே செய்துவிட்ட ஏற்பாடு அது.

களத்தில் ஆசிரியர்

ஸ்டாக் எப்படிப்பட்ட ஆசிரியர்? கண்டிப்பு மிக்கவர். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த மிகக் கடுமையான வசை கழுதை என்பது. தவறு பெரிதானால் இரட்டைக் கழுதை. அதனினும் பெரிதானால் மூன்று மடங்கு கழுதை. அந்தப் பட்டத்தைப் பெறாமல் அவரிடம் பயின்று வெளியேறியவர் அரியர்.

நகைச்சுவையும் அவரிடம் இருந்தது. கிரைஸ்லர் என்னும் மாணவர் மருத்துவம் படிக்க எண்ணிச் சிகாகோ வந்தவர். பயிற்சியில் அவர் மீண்டும் மீண்டும் தடுமாறியதைக் கண்ட ஸ்டாக், ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் என்னும் புகழ்பெற்ற வயலின் மேதையின் பெயரை அவருக்குச் சூட்டினார். அந்த மேதையின் திறமைக்கும் இவருக்கும் இருந்த தொலைவைச் சுட்டவே அந்தப் பெயர்! அது அவருக்கு நிலைத்துவிட்டது. ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் பின்னர் நாடறிந்த பயிற்சியாளரானார். அவரை நாம் மறுபடியும் சந்திப்போம்.

விதியை அவர் எவ்வாறு மதித்தார் என்பதற்கு 1922-ஆம் ஆண்டு ஆட்டம் ஒன்று சான்று. பிரின்ஸ்டன் பல்கலைக் கழகம் சிகாகோ வந்திருந்தது. சிகாகோ 18-7 என்று முந்தி நின்று, கடைசிக் கட்டத்தில் 18-21 என்று பின்தங்கிவிட்டது. இறுதி நிமிடத்தில் பந்து சிகாகோவின் கையில்; எதிரியின் இலக்குக் கோடோ சில கஜத் தொலைவில். வீரர்கள் நேரே மோதிக்கொண்டிருந்தனர். பந்தை எறிந்தால் வெற்றி உறுதி என்று பக்கத்தில் இருந்த உதவியாளர்க்குத் தோன்றியது. மாற்று ஆட்டக்காரர் ஒருவர் வழியாகச் செய்தி அனுப்புமாறு வேண்டினர். அவ்வாறு செய்தி அனுப்புவது தகாது என்பது விதிக் குழுவின் கருத்து. மற்றப் பயிற்சியாளர் அதைப் பொருட்படுத்தியதில்லை. ஸ்டாக் அந்தக் குழுவின் உறுப்பினர்; அவர் செய்தி அனுப்ப மறுத்துவிட்டார். சிகாகோ தோற்றது. களத்தில் இறங்கிய மாணவர் தம் அறிவைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். தேர்வுக் கூடத்தில் ஆசிரியர் சென்று விடை சொல்லிக் கொடுப்பாரா?

ஓர் அணி நல்ல அணியா என்பதை அந்த ஆண்டின் வெற்றிக் கணக்கைக் கொண்டு சொல்ல முடியாது, இருபது ஆண்டு கழித்து அந்த இளைஞர் எத்தகைய மனிதராயினர் என்று பார்த்தே சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை என்பர்.

ஆயினும் அவரைப் போற்றும்போது மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு. ஹார்ப்பர் ஆட்டத்தை ஊக்கியதற்கு மாணவர் நலம் மட்டும் காரணம் அன்று. புதிய பல்கலைக் கழகத்தின் பெயரை நாடெங்கும் பரப்ப அது நல்ல விளம்பரமாயிற்று. ஆட்டச் சீட்டுகளால் வந்த பணம் மிகுதி. அதை ஆளும் உரிமை நெடுங்காலம் ஸ்டாக்கின் கையிலேயே இருந்தது. சிறந்த ஆட்டக்காரரைத் தம் பக்கம் இழுக்கச் சிகாகோவும் மற்றவர்களோடு போட்டியிட்டது. 1905-இன் வீரரான எக்கர்ஸால் பட்டம் பெறாமலே பல்கலைக் கழகத்தை விட்டுப் போனார். களத்தில் அவரைக் கொண்டாடிய பல்கலைக் கழகம் வகுப்பறையில் அவரைக் கைவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஆட்டமும் கல்வியே என்ற ஸ்டாக்கின் கொள்கை, தாம் மிகவும் போற்றிய மாணவரிடமே நிறைவேறவில்லை. பின்னாளில் அந்த ஆட்டத்தைப் பல்கலைக் கழகத்திலிருந்து அகற்ற எண்ணியவர்க்கு இத்தகைய குறைகளே வலிமை தந்தன.

எழுபது வயது

1924-க்குப் பின் சிகாகோவுக்கு வெற்றிப் பட்டம் வாய்க்கவில்லை. மாநிலப் பல்கலைக் கழகங்கள் மாணவர் தொகையில் பன்மடங்கு பெருகின. சிகாகோவோ ஆராய்ச்சியை முதன்மையாகக் கொண்டது. 1929-இல் ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸ் என்பவர் முப்பது வயதில் அதன் தலைவரானார். ஆட்டம் பணம் சேர்க்கும் தொழிலாகிக் கல்வியைக் கெடுக்கிறது என்பது அவருடைய எண்ணம். அவரைக் குறுகிய நோக்கினர் என்று தள்ளிவிட முடியாது. நம் வானியல் அறிஞர் சந்திரசேகர் 1937-இல் சிகாகோ வந்தபோது அவருக்கு உறுதுணையாக நின்றவர் இதே ஹட்சின்ஸ்தான்.

எழுபது வயதானால் ஓய்வு பெற வேண்டும் என்பது பல்கலைக் கழக விதி. 1932-இல் ஸ்டாக்குக்கு எழுபது நிறைந்தது. விதி அவருக்கும் பொருந்தும் என்றார் ஹட்சின்ஸ். பேராசிரியர் என்ற பெயரே முதலில் அவரைக் காத்தது. அந்தப் பெயருக்கு உரிய விதியே இப்போது அவரை வெளியேற்றியது. களத்தை விட்டு விலகி ஆலோசகராக இருக்கலாம் என்று ஒரு பதவியும் தர முன்வந்தனர். வேலை செய்யாமல் சம்பளம் பெற ஸ்டாக் விரும்பவில்லை. நாற்பத்தொரு ஆட்டப் பருவங்களுக்குப் பின் அவர் சிகாகோவை விட்டுப் புறப்பட்டார்.

புறப்பட்டது ஓய்வுக்கு அன்று. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் இருந்த பசிபிக் கல்லூரி என்னும் சிறிய கல்லூரி அவரை அழைத்தது. 1933 முதல் பதினான்கு ஆண்டுகள் அங்கே பயிற்றினார். தோல்விகளே மிகுதி, ஆயினும் தம்மைவிடப் பெரிய கல்லூரிகளோடு மோத அவர் அஞ்சவில்லை. 1938-இல் தம் சிறிய அணியைச் சிகாகோவுக்கே அழைத்து வந்தார். அந்த மைதானத்துக்கு ஸ்டாக் மைதானம் என்று அவர் பெயரையே இட்டிருந்தனர். தம் பெயர் தாங்கிய களத்தில், தம் பழைய பல்கலைக் கழகத்தை அவர் 32-0 என்று வென்றார். 1943-இல், போர்க்காலக் கடற்படைப் பயிற்சிக்காக வந்த இளைஞரையும் சேர்த்துக்கொண்டு கலிபோர்னியா, லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக் கழக அணிகளை வீழ்த்தினார். அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்று நாட்டின் பயிற்சியாளர் அனைவரும் அவரைத் தேர்ந்தனர். அப்போது அவருக்கு வயது 81.

1946-இல் பசிபிக் கல்லூரியும் அவருக்கு ஓய்வு தர விரும்பியது. அங்கும் ஆலோசகர் பதவியை மறுத்துவிட்டு, பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா பல்கலைக் கழகத்தில் பயிற்சியாளராயிருந்த தம் மூத்த மகனுக்குத் துணையாகச் சென்றார். 1952 வரை தந்தையும் மகனும் ஓர் அணியை நடத்தினர். பிறகு ஸ்டாக்டனுக்குத் திரும்பி, அங்கிருந்த இளநிலைக் கல்லூரியில் பந்தை உதைக்கும் கலையைக் கற்பித்தார். அதையும் விட்டபோது அவருக்கு வயது ஏறக்குறைய 98.

காலி மைதானம்

சிகாகோவில் என்ன நடந்தது? 1935-இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்க்கு ஒரு கோப்பை முதன்முதலாக வழங்கப்பட்டது. பின்னர் ஹெய்ஸ்மன் கோப்பை என்று புகழ் பெற்ற அதை முதலில் பெற்றவர் சிகாகோவின் ஜே பெர்வாங்கர். ஆனால் அது அணையும் விளக்கின் கடைசிச் சுடர். 1939-இல் மிச்சிகன் அணி சிகாகோவை 85-0 என்று தோற்கடித்தது. அந்த மிச்சிகன் அணியின் பயிற்சியாளர் ஸ்டாக்கின் பழைய மாணவர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர். அந்த ஆண்டு டிசம்பரில் சிகாகோ பல்கலைக் கழகம் கால்பந்து ஆட்டத்தையே கைவிட்டது.

மைதானம் காலியாயிற்று. 1942 டிசம்பர் 2-ஆம் நாள், அதன் மேற்குப் பார்வையாளர் மேடைக்குக் கீழிருந்த பந்தாட்ட அறையில் என்ரிகோ ஃபெர்மியும் அவர் குழுவினரும் கரிக்கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி, கட்டுக்குள் அடங்கிய அணுத் தொடர்வினையை உலகில் முதன்முறையாக நிகழ்த்தினர். அணு யுகம் பிறந்த அந்த இடத்தின் பெயர் ஸ்டாக் மைதானம் என்றே வரலாற்றில் பதிந்தது. 1957-இல் மேடைகளை இடித்தனர். 1970-இல் அங்கே பெரிய நூலகம் ஒன்று எழுந்தது.

படிப்பு வென்றது, ஆட்டம் தோற்றது என்று இதைக் கொண்டு முடிவு செய்யலாகாது. 1969-இல் சிகாகோ பல்கலைக் கழகம் கால்பந்து அணியை மீண்டும் அமைத்துக்கொண்டது. இம்முறை விளம்பரத்துக்காகவும் அன்று, வருவாய்க்காகவும் அன்று. ஆட்டத் திறமைக்கென்று உதவித் தொகை தராத கல்லூரிகளின் பிரிவில் சேர்ந்து ஆடுகிறது. அங்கே படிக்க வந்தவர் ஆடுகின்றனர்; ஆடுவதற்கென்று விலைக்கு வாங்கப்பட்டவர் எவரும் இல்லை. 1973 முதல் அந்தப் பிரிவின் இறுதி ஆட்டத்துக்கு ஸ்டாக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஸ்டாக் 1965 மார்ச்சு 17-ஆம் நாள் ஸ்டாக்டனில் மறைந்தார். ஸ்டெல்லா அம்மையார் முந்திய ஆண்டே பிரிந்திருந்தார். 1951-இல் கல்லூரிக் கால்பந்துப் புகழ் மன்றம் தன் முதல் வரிசையிலேயே அவரை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருமுறை ஏற்றது. 1959-இல் கூடைப் பந்துப் புகழ் மன்றமும் அவரை ஏற்றது. அவர் பெற்ற வெற்றிகள் 314 என்று நெடுங்காலம் கணக்கிட்டனர். 1981-இல் அலபாமாவின் பால் பிரையன்ட் அந்த எண்ணைக் கடந்தார். எண்கள் கடக்கப்படுவதற்கே உள்ளவை.

நண்பர்களே, ஹார்ப்பருக்கும் ஹட்சின்ஸுக்கும் இடையே நடந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆட்டத்தைப் பணத்துக்கும் புகழுக்கும் விற்றால் அது கல்வியைக் கெடுக்கும் என்றார் ஹட்சின்ஸ். சிகாகோவின் பழைய வரலாறே அதற்குச் சான்று. ஆட்டத்தை நல்லாசிரியர் ஒருவர் கையில் ஒப்படைத்தால் அதுவே கல்வியாகும் என்று நம்பினார் ஹார்ப்பர். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் செய்தி அனுப்ப மறுத்த ஸ்டாக் அதற்குச் சான்று. நம் பல்கலைக் கழகங்களில் ஆட்டக் குழுவுக்கு ஆள் தேடும்போதும், ஆட்டக்காரர்க்குத் தேர்வில் சலுகை கேட்கும்போதும், பயிற்சியாளரை ஆண்டுக்கு ஒருவராக மாற்றும்போதும் இவ்விரு சான்றுகளையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். நம் மைதானத்தில் மாலைதோறும் நிற்பவர் ஆசிரியரா என்பது, நாம் அவரிடம் வெற்றியை மட்டும் கேட்கிறோமா, வேறு எதையும் கேட்கிறோமா என்பதைப் பொறுத்தது.